வழிநூலும் வகுப்பறையும்

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை நிறுத்தியது. பிறமொழியில் உள்ளதைத் தன் மொழிக்குப் பெயர்த்து யாப்பவனும் நூலாசிரியன் என்னும் தகுதிக்கு உரியவன் என்பதும், அப்பணி நெறிப்பட்டு நடக்க வேண்டியதொன்று என்பதும் அவ்வைப்பு முறையிலேயே அடங்கிக் கிடக்கின்றன. இலக்கணம் வகுத்தோர்க்கு இருந்த இத்தெளிவு, பட்டமும் பதவியும் வழங்கும் இன்றைய உயர்கல்வி அமைப்புகளுக்கு இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளில், ஆசிரியர்களின் ஆய்வுப் பணியை அளந்து புள்ளி வழங்கும் அட்டவணை ஒன்று இடம்பெற்றது. மொழி, கலைத் துறைகளில் ஆய்விதழில் வெளியாகும் ஒரு கட்டுரைக்கு அது 10 புள்ளி தந்தது; ஒரு நூலை முழுமையாக மொழிபெயர்த்தவர்க்கு 8 புள்ளி தந்தது. ஆயிரம் பக்க நூலோடு ஐந்தாண்டு மல்லாடியவர், பத்துப் பக்கக் கட்டுரை எழுதியவரினும் இரண்டு புள்ளி தாழ்ந்தவர் ஆனார்.

புள்ளிக் கணக்கைப் பழித்துவிட்டு அமைவது நம் நோக்கமன்று. அக்கணக்குக்குப் பின்னே நிற்கும் எண்ணமே ஆராயத் தக்கது. அறிவு ஓரிடத்தில் விளைகிறது. விளைந்தபின் அதனை வேறிடத்துக்குச் சுமந்து செல்லும் கூலிவேலையே மொழிபெயர்ப்பு என்று கற்றறிந்தோரும் கருதுகின்றனர். அவ்வெண்ணம் அரசுகளையும் பற்றிக்கொண்டதன் விளைவாக, நூல்கள் பெயர்க்கப்படுகின்றன, விழா எடுத்து வெளியிடப்படுகின்றன, கிடங்கில் அடுக்கப்படுகின்றன. பணி முடிந்ததெனக் கோப்பு மூடப்படுகிறது. ஆனால் வரலாற்றில் மொழிபெயர்ப்பால் ஒரு துறை தழைத்த இடங்களை நோக்கினால், நூல் வெளிவந்த நாள் பணியின் தொடக்க நாளாகவே இருந்திருக்கிறது. வந்த நூலை மாணவர் நடுவில் வைத்துப் பயின்று, பிழை கண்டு, மீளப் பெயர்த்து, ஒரு நிலையில் அதனையே மறுத்தெழுதும் துணிவும் பெற்ற குமுகங்களிலேயே துறைகள் வேர்கொண்டன.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைச் சிரியாக்கு மொழிக்கும் அரபு மொழிக்கும் பெயர்த்தவர். தாமும் பிறரும் பெயர்த்த கேலன் நூல்களைப் பற்றி அவர் எழுதிவைத்த நீண்ட மடலொன்று நமக்குக் கிடைத்துள்ளது. ஏறத்தாழ 129 நூல்களைக் குறிப்பிட்டு, எந்நூலை எவர் பெயர்த்தார், எவர் பொருட்டுப் பெயர்த்தார், அப்பெயர்ப்பின் தரம் யாது என அவர் ஒளிவின்றி உரைக்கிறார். ஒரு நூலைப் பற்றி அவர் சொல்வது கருதத் தக்கது. இருபது வயதளவில், பிழை மலிந்த சுவடி ஒன்றைக் கொண்டு அந்நூலைப் பெயர்த்தார். நாற்பது வயதளவில் மாணவர் ஹுபைஷ் அதனைத் திருத்தித் தருமாறு வேண்டியபோது, இடைக்காலத்தில் தம்மிடம் சேர்ந்திருந்த கிரேக்கச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி, முதலில் திருந்திய மூலபாடத்தை அமைத்துக்கொண்டு, அதன்பின்னரே தம் பழைய பெயர்ப்பில் கைவைத்தார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்து பாடவேறுபாடு கண்ட உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அறிந்தவர்க்கு, இஃது எத்தகைய பணி என விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த தலைமுறையில் அர்-ராஸி, கேலன் கூற்றுகளின் மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். பெயர்த்தவர் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். படித்தவர் மூல ஆசிரியரையே எதிர்த்து வினவினார். அரபு மருத்துவம் கேலனின் நிழலாக நின்றுவிடாமைக்கு அதுவே காரணம்.

இதனினும் தெளிவான சான்று ஜப்பானில் இருக்கிறது. அந்நாட்டு நாட்காட்டியின்படி 1771-ஆம் ஆண்டு மூன்றாம் திங்கள் நான்காம் நாள், எடோ நகரின் கொலைக்களத்தில், தண்டனையுற்ற ஒரு மூதாட்டியின் உடல் அறுக்கப்படுவதைக் காண மருத்துவர் சிலர் கூடினர். சுகிதா கென்பாகு, மாயெனோ ரியோதாகு ஆகிய இருவரும், ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஒரே நூலைக் கையோடு கொணர்ந்திருந்தனர். செருமானியர் குல்முசு இயற்றிய உடற்கூற்று நூலின் டச்சு மொழிபெயர்ப்பு அது. அறுத்துக் காட்டியவர், ஒடுக்கப்பட்ட குலத்தைச் சார்ந்த, தொண்ணூறு வயது முதியவர். நெஞ்சு இது, ஈரல் இது, இரைப்பை இது எனச் சுட்டிவந்தவர், வேறு சில உறுப்புகளைத் தொட்டு, இவற்றின் பெயர் எனக்குத் தெரியாது; ஆயினும் இளமை முதல் நான் அறுத்த உடல்கள் எல்லாவற்றிலும் இவை இவ்விடத்திலேயே இருந்தன என்றார். மருத்துவர்கள் நூலின் படங்களைப் புரட்டினர். முதியவர் விரல் தொட்ட, பெயரற்ற அவ்வுறுப்புகள் அங்கே வரையப்பட்டிருந்தன.

மறுநாளே மாயெனோவின் இல்லத்தில் மொழிபெயர்ப்பு தொடங்கியது. அவர்க்குத் தெரிந்தவை சில நூறு டச்சுச் சொற்கள். சுகிதாவுக்கு எழுத்துகளே புதியவை. புருவம் என்பது கண்ணின் மேல் வளர்ந்த மயிர் என்னும் சிறு தொடரை விளங்கிக்கொள்ள நீண்ட இளவேனிற் பகலொன்று கழிந்ததாகச் சுகிதா தம் முதுமையில், 1815-இல் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்கிறார். மூக்கைப் பற்றிய தொடரில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் காணாமல் திகைத்து, வெட்டிய கிளையின் தழும்பும் கூட்டிக் குவித்த குப்பையும் அச்சொல்லால் குறிக்கப்படுவதை வேறொரு சிறு நூலில் கண்டு, மேடுபட்டது என்பதே பொருள் என்று துணிந்த கதையையும் அவரே சொல்கிறார். அச்சொல் மூலநூலின் அவ்விடத்தில் காணப்படவில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எண்பது கடந்தவரின் நினைவு சிறிது வழுக்கியிருக்கலாம். உழைப்பின் உண்மை வழுவவில்லை. பதினொரு முறை படியெடுத்துத் திருத்திய பின், 1774-இல் கைதாய் ஷின்ஷோ என்னும் அந்நூல் அச்சேறியது.

சொல்லாக்கத்தில் அவர்கள் கைக்கொண்ட நெறி மூவகைப்பட்டது. எலும்பு போல முன்னரே பெயருள்ளவற்றுக்கு வழங்கிவரும் சொல்லையே எடுத்தாண்டனர். குருத்தெலும்பு போலப் பொருள் விளங்கியும் பெயரில்லாதவற்றுக்கு, மெல்லெலும்பு என்பதுபோலப் பொருள் நோக்கிச் சொற்படைத்தனர். இரண்டுக்கும் அடங்காதவற்றை ஒலிவடிவிலேயே விட்டுவைத்தனர். சுரப்பியைக் குறிக்கும் டச்சுச் சொல் அவ்வாறு கிரீரு என்றே நின்றது. அந்நூலின் முகப்பில் மாயெனோவின் பெயர் இல்லை. குழுவில் டச்சு மொழியை மிகுதியும் அறிந்தவர் அவரே. குறைகள் களையப்படாத நூலுக்குத் தம் பெயரை இட அவர் இசையவில்லை என்பர். சுகிதாவோ, தம் வாழ்நாளுக்குள் நூல் மருத்துவர் கைக்குச் செல்ல வேண்டும் என்று விரைந்தார். இவ்விருவருள் யார் செய்தது சரி என்னும் வினாவுக்கு, அடுத்துவந்த அறுபது ஆண்டுகள் விடை கூறின. உதகாவா கென்ஷின் 1805-இல் வெளியிட்ட நூலில், ஒலிவடிவாய் நின்ற சுரப்பிக்கென ஒரு புதிய எழுத்தே படைக்கப்பட்டது. அவ்வெழுத்து கடல் கடந்து சீனத்திலும் இன்று வழங்குகிறது. சுகிதாவின் மாணவர் ஓட்சுகி கென்தாகு ஆசிரியரின் நூலையே திருத்தி எழுத, அத்திருத்தப் பதிப்பு 1826-இல் அச்சானது. உதகாவா யோவான் 1837 முதல் வேதியியலைப் பெயர்த்து வெளியிடத் தொடங்கி, உயிர்வளி, நீர்வளி ஆகியவற்றுக்கு அமைத்த சொற்களை ஜப்பானியப் பள்ளிச் சிறுவர் இன்றும் படிக்கின்றனர். 1877-இல் தோக்கியோவில் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது வெளிநாட்டு ஆசிரியர்கள் தத்தம் மொழியிலேயே கற்பித்தனர் என்பது மெய். ஆயினும் அவர்களிடம் பயின்றவர்கள் ஆசிரியர்களானபோது தாய்மொழியில் கற்பிக்க இயன்றதற்கு, நூறாண்டுக்கு முன்பே சேரத் தொடங்கிய அச்சொற்களஞ்சியம் துணையாயிற்று. குறையுடைய நூலை வெளியிட்ட சுகிதாவும், குறையைப் பொறாத மாயெனோவும் ஒருசேரத் தேவைப்பட்டனர். அக்குறையைத் தீர்க்க மாணவர் பரம்பரை ஒன்று காத்திருந்தது என்பதே அந்நாட்டின் நற்பேறு.

நமக்கும் அத்தகைய ஒரு தொடக்கம் வாய்த்தது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். சமயப் பணியே அவரை அனுப்பிய அமைப்பின் முதல் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பதென அவர் எடுத்த முடிவு, அக்காலத்தில் எந்த அரசும் எடுக்கத் துணியாதது. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பணி நாடிச் செல்ல, தமிழில் பயின்றவர்களே ஊர்களில் தங்கி மருத்துவம் செய்வர் என அவர் கணித்தார். தமிழ் மாணவர்களும் உதவியாளர்களும் துணைநிற்க, பிரசவ வைத்தியம் 1857-இலும், இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும் வெளிவந்தன. தமிழில் சொல் தேடுக, கிடையாவிடில் வடமொழியில் நாடுக, அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய எழுதுக என்னும் அவருடைய முறை, எடோ மருத்துவர்களின் மூவகை நெறிக்கு நெருங்கிய உறவுடையது. ஒருவரையொருவர் அறியாத இருசாரார், ஒரே இடர்ப்பாட்டில் ஏறத்தாழ ஒரே வழியைக் கண்டனர். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது 1858-இல். அவர் முதலியோரின் நூல்களைக் கொண்டமைந்த மனுஷ அங்காதிபாதம் பதினான்கே ஆண்டுகளில் தமிழ் மாணவர் கையில் இருந்தது. அவ்விரைவை நாம் பின்னர் ஒருபோதும் எட்டவில்லை.

பிறகு நடந்ததே நம் கவலைக்குரியது. கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884-இல் மறைந்தார். மானிப்பாயில் தமிழில் நடந்த அக்கல்வி அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. வகுப்பு நின்றதும் நூல்களைத் திருத்த வேண்டிய தேவையும் நின்றது. மருத்துவமோ நில்லாமல் விரைந்தது. அறுவைப் புண்ணில் நச்சரிப்பைத் தடுக்கும் முறையைப் பற்றி லிஸ்டர் தம் கட்டுரைகளை வெளியிட்டது 1867-இல். இரண வைத்தியம் மானிப்பாயில் அச்சான அதே ஆண்டு. காசநோய்க் கிருமியைக் காக் அறிவித்தது 1882-இல். ஆங்கிலத்தில் ஓர் அறுவை மருத்துவ நூல் இம்மாற்றங்களை அடுத்தடுத்த பதிப்புகளில் உள்வாங்கிக்கொண்டு இளமை காத்தது. தமிழ் நூல் பிறந்த ஆண்டிலேயே முதுமை எய்தத் தொடங்கியது. தாங்கிப் பிடிக்க ஒரு கென்ஷினும் இல்லை, ஒரு கென்தாகும் இல்லை. இன்று அந்நூல்கள் தமிழ் அறிவியல் வரலாற்றின் பெருமையாகப் பேசப்படுகின்றன. அவை பாடநூல்களாகத் தொடர்ந்திருக்க வேண்டியவை என்பதை அப்பெருமையினிடையே மறந்துவிடுகிறோம்.

அத்தொடர்ச்சி அறுந்ததன் வடுவை மருத்துவமனைக்குச் சென்றுவரும் எவரும் காணலாம். குருதி எடுக்க வரும் செவிலியர் கையைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, நரம்பு கிடைக்கவில்லை என்கிறார். அவர் தேடுவது குருதிக் குழாய். அடுத்த அறையில் மருத்துவர், கைவிரல் மரத்துப்போவதற்கு நரம்புத் தளர்ச்சி காரணம் என்கிறார். அவர் சுட்டுவது உணர்வைக் கடத்தும் இழை. இரண்டும் நோயாளிக்கு நரம்பே. பள்ளிப் பாடநூலில் குருதிக் குழாய்களுக்குத் தமனி எனவும் சிரை எனவும் சொற்கள் இருக்கின்றன. செவிலியரும் அவற்றை எழுதி மதிப்பெண் பெற்றவர்தாம். பள்ளியோடு அச்சொற்களின் ஆயுள் முடிந்துவிட்டது. மருத்துவக் கல்லூரியிலும் செவிலியர் கல்லூரியிலும் அவை ஒலிப்பதில்லையாதலால், மக்களிடையே இறங்கிவரவும் வழியில்லாது போயிற்று.

சொற்களுக்காக நாம் உழைக்கவில்லை என்று எவரும் குறைகூற இயலாது. 1916-இலேயே சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டது. பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை நிறைவேற்றினார். 1960-இல் கோவை அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றதை அடுத்து, கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் எழுதப்பட்டும் பெயர்க்கப்பட்டும் வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை முதற்பதிப்போடு நின்றன. வகுப்புக்குச் செல்லாத சொல், எத்துணைச் செம்மையாக ஆக்கப்பட்டிருந்தாலும், பட்டியலிலேயே உறங்கும். இலங்கைத் தமிழ் மாணவர் பள்ளி இறுதிவரை அறிவியலைத் தமிழிலேயே பயில்வதால், கலம், நாடி, நாளம், ஒளித்தொகுப்பு என்பன அவர்க்கு வாய்மொழி வழக்கு. தமிழ்நாட்டு மாணவர்க்குச் செல், தமனி, சிரை, ஒளிச்சேர்க்கை. ஒரே மொழியினர்க்கு வேதியியல் ஒரு கரையிலும் இரசாயனவியல் மறு கரையிலும் நிற்கின்றன. இருபுறச் சொற்களும் உயிருள்ளவை. ஆயினும் உயர்கல்வியில் ஒன்றையொன்று சந்தித்து, வல்லது நிலைக்கும் களம் அமையவில்லை.

ஆங்கிலம் இருக்கப் பெயர்ப்பது எதற்கு என்று வினவுவோர் உளர். உலகத்தோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் ஆங்கிலமும் பெயர்த்து வாங்கித் தழைத்த மொழியே. சிக்மண்ட் பிராய்டு தம் செருமன் நூல்களில் எளிய சொற்களால் நான் என்றும் அது என்றும் எழுதியவற்றை, ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இலத்தீன் சொற்களால் ஈகோ என்றும் இட் என்றும் ஆக்கினர். ஜேம்ஸ் இசுட்ரேச்சி பதிப்பித்த 24 தொகுதிகள் அவ்வழக்கை நிலைப்படுத்தின. அவ்வாறு பெயர்த்தது சரியா என ஆங்கிலம் அறிந்த உளவியலார் நெடுங்காலம் வழக்காடினர், அவ்வழக்காடலும் துறையின் வளர்ச்சியாயிற்று. நாமோ ஈகோவை அப்படியே வாங்கிக்கொண்டோம். இன்று தமிழ்நாட்டில் அச்சொல்லுக்குச் செருக்கு என்று பொருள்; அவருக்கு ஈகோ அதிகம் என்று அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். நான் என்ற சொல் தமிழில் இல்லாமலா அவ்வாறு நேர்ந்தது? பெயர்த்துப் பயின்று வழக்காடாமல் இரவல் பெற்றால், சொல் வந்து சேரும். கருத்து வழியிலேயே தங்கிவிடும்.

அண்மை ஆண்டுகளில் பொறியியலும் மருத்துவமும் தமிழில் பெயர்க்கப்படுவதை நாம் மனமார வரவேற்கிறோம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது துணிவுள்ள செயல். ஆயினும் வெளியீட்டு விழாவோடு நூலின் கதை முடியுமாயின், மானிப்பாயில் நேர்ந்ததே மீண்டும் நேரும். அரசு ஒரு துறைநூலைப் பெயர்க்கப் பொருள் ஒதுக்கும்போதே, அது எந்த வகுப்பில் பயிலப்படும் என்பதையும், எந்த ஆண்டில் எவர் பொறுப்பில் திருத்தப்படும் என்பதையும் உறுதிசெய்த பின்னரே ஒதுக்க வேண்டும். நூலைப் பயன்படுத்தும் ஆசிரியரும் மாணவரும் கண்ட பிழைகள் ஆண்டுதோறும் தொகுக்கப்பட வேண்டும். அவ்வாறு தொகுப்பதையும் திருத்துவதையும் ஆய்வுப்பணி என்றே பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். யாழ்ப்பாணத்தோடும் மலேசிய, சிங்கைத் தமிழாசிரியரோடும் கலந்து சொற்களை ஒப்புநோக்கும் நிலையான குழு ஒன்று அமைய வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் பொருளோ தேவையில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் தம் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்கத் தக்கவை இவை.

கிரேயின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் 42-ஆம் பதிப்பை 2020-இல் கண்டது. மனுஷ அங்காதிபாதம் 1872-இலேயே நிற்கிறது.